நீலகிரியில் பறவைப் படம்: கேமராவும் லென்ஸும் வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் பறவை பார்க்கக் கூட வருகிறவர்கள் என் கழுத்தில் தொங்கும் கேமராவைப் பார்த்ததும் கேட்கிற கேள்விகள் இவை. அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். விலை எதுவும் எழுதவில்லை. புதுசுக்கு மாதாமாதம் மாறுகிறது, பழசுக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமவெளி ஏரிக்கரையில் படம் எடுக்கிறவர் தரும் ஆலோசனை மலைக்கு அப்படியே பொருந்தாது. அங்கே பறவை தூரத்தில், நல்ல வெயிலில் நிற்கும். இங்கே சோலைக்குள் பதினைந்தடி தள்ளி, இருட்டில் உட்கார்ந்திருக்கும்.

போன்லயே நூறு மடங்கு ஸூம் இருக்கே, அது போதாதா?

என்ன பறவை என்று அடையாளம் காண மட்டும் என்றால் பல நேரம் போதும். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பக்கத்துச் செடிக்கு வந்து உட்காரும் செம்மீசைச் சின்னானைப் போனிலேயே பார்க்கும்படி எடுக்கலாம். ஆனால் அந்த நூறு மடங்கில் கண்ணாடி செய்யும் வேலை கொஞ்சம்தான். மீதியைப் போன் வெட்டிப் பெரிதாக்கி, இறகு இப்படித்தான் இருக்கும் என்று தானே ஊகித்து நிரப்புகிறது. அடையாளத்துக்கு அந்த இறகுக் கோடுகளே முக்கியம் என்றால் படத்தை நம்ப முடியாது.

இப்போதைக்குக் காசு இல்லையென்றால் முதலில் 8 மடங்கு, 42 எம்எம் பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். பறவை எங்கே உட்காரும், எப்போது திரும்பும் என்று தெரியாதவருக்கு எந்த லென்ஸும் உதவாது. பைனாகுலரின் கண் வைக்கும் பக்கத்தில் போனை ஒட்டிப் பிடித்தும் படம் எடுக்கலாம். கை பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

பட்ஜெட் கம்மி. பிரிட்ஜ் கேமரா வாங்கலாமா?

லென்ஸ் கழற்ற முடியாத, நீளமாக ஸூம் ஆகிற கேமராவைத்தான் பிரிட்ஜ் என்கிறார்கள். நிக்கான் பி950 83 மடங்கு ஸூம். ஃபுல் ஃப்ரேம், அதாவது பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவில் படம் பதிவாகும் கேமரா, கணக்கில் 2000 எம்எம் வரை போகும். எம்எம் கூடக் கூடப் பறவை பெரிதாகத் தெரியும். பி1000 என்றால் 3000. கேட்க மலைப்பாக இருக்கும். உள்ளே படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது, அதுதான் சிக்கல்.

மலைக்குக் கீழே மசினகுடியில் காலை வெயிலில் மின்கம்பியில் உட்கார்ந்த பனங்காடையை இது பிரமாதமாக எடுக்கும். அதே கேமராவைக் கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள் கொண்டுபோனால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். பார்த்த பறவைகளின் பட்டியல் சேர்க்கிறவர், பல ஊர் சுற்றுகிறவர், எடை தூக்க முடியாத வயதானவர் ஆகியோருக்குத் தயங்காமல் சொல்வேன். சோலைப் பறவைதான் ஆசை என்றால் வேண்டாம்.

சரி, எத்தனை எம்எம் இருந்தா போதும்?

ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் கடைக்காரரை நம்பி இருக்க வேண்டாம். பறவையின் நீளத்தை லென்ஸின் எம்எம்மால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், சென்சாரில் பறவை விழும் அளவு கிடைக்கும். எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். 12 செ.மீ. நீளச் சிட்டு 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. 300 எம்எம் லென்ஸில் அது 3.6 மி.மீ. விழும். கிராப் சென்சாரின் (ஃபுல் ஃப்ரேமை விடச் சின்னது) அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ., 24 மெகாபிக்சல் என்றால் குறுக்கே 6000 புள்ளிகள் (பிக்சல்). ஆக, பறவைக்குக் கிடைப்பது 900 புள்ளி சொச்சம். 500 எம்எம் போட்டால் 6 மி.மீ., 1500 புள்ளி. முன்னது போனில் பகிர ஆகும். பின்னதை அச்சுப் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 300 எம்எம்மோடு 10 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு வந்துவிட்டால், 10 மீட்டரில் 600 எம்எம் வைத்திருப்பதற்குச் சமம். சோலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் அந்தத் தூரத்துக்குத் தானாகவே வரும். ஆனால் மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமியில் வட்டமிடும் வெண்முதுகுப் பாறு கழுகு உங்களிடம் வராது. சிறகு விரிப்பு இரண்டு மீட்டர் என்றாலும், 200 மீட்டர் உயரத்தில் பறக்கையில் 500 எம்எம் லென்ஸில் 5 மி.மீ.தான், பக்கத்துச் சிட்டை விடச் சின்னது.

அதனால் என் பதில்: பொதுவாக 400 முதல் 600 வரை. பெரும்பாலும் சோலையும் தேயிலைத் தோட்டமும் என்றால் 400 போதும். மாயாறு, மசினகுடி என்று கீழே இறங்குகிறவருக்கு 600 வேண்டும்.

கிராப் சென்சார்ல 400 லென்ஸ் 600 ஆயிடுமாமே, நெஜமா?

லென்ஸ் மாறுவதில்லை. சென்சார் சின்னது என்பதால் படத்தின் நடுப்பகுதி மட்டும் பதிவாகிறது. பார்க்க 600 மாதிரி தெரிகிறது. நிக்கான், சோனிக்கு 1.5 மடங்கு, கேனனுக்கு 1.6, இன்னும் சின்னச் சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களுக்கு 2. மேலே போட்ட கணக்கில் பறவை விழும் 3.6 மி.மீ. எந்தச் சென்சாரிலும் அதே 3.6தான்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் படத்தைக் கிராப் அளவுக்கு வெட்டினால் 11 மெகாபிக்சல் கூட மிஞ்சாது. 24 மெகாபிக்சல் கிராப் கேமராவில் அதே பரப்பில் 24ம் இருக்கும். எப்படியும் வெட்டத்தான் போகிறோம் என்கிற பறவைக்காரருக்குக் கிராப் கேமராவே காசுக்கேற்ற பொருள். இருட்டில் ஃபுல் ஃப்ரேம் முந்தும் என்பது உண்மை, ஆனால் சட்டகத்தை நிரப்பும் அளவுக்கு நீளமான லென்ஸ் கையில் இருந்தால்தான் அந்த முந்துதல்.

பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமராவுக்கு) அதிகம் போடணுமா, லென்ஸுக்கா?

லென்ஸுக்கு. இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு லென்ஸுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவோடு பெட்டியில் வரும் 70-300 லென்ஸை நம்பிப் புதுப் பாடிக்குக் கடன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

டிஎஸ்எல்ஆர் செத்துப்போச்சுனு சொல்றாங்க. மிரர்லெஸ்தான் வாங்கணுமா?

புதுசாக வாங்குவதென்றால் ஆம், மிரர்லெஸ். டிஎஸ்எல்ஆரில் உள்ளே ஒரு முகக்கண்ணாடி காட்சியைக் கண்ணுக்குத் திருப்பும். மிரர்லெஸ்ஸில் அது இல்லை, திரையில் பார்க்கிறோம். பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளும் ஃபோகஸ், இலை நிறைந்த சோலையில் பெரிய உதவி. கேனன் ஆர்7, சோனி ஏ6700 போன்ற கிராப் கேமராக்களிலேயே அது இருக்கிறது. சத்தமில்லாத ஷட்டரும் (சென்சாரில் வெளிச்சம் விழும் நேரத்தை அளப்பதுதான் ஷட்டர்) நல்லதுதான். ஆனால் அந்த முறையில் வேகமாகச் சிறகடிக்கும் பறவையை எடுத்தால் பல கேமராக்களில் சிறகு வளைந்து விழும். பறக்கும்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

காசு குறைவென்றால் டிஎஸ்எல்ஆரைக் கேலி செய்கிறவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். 2016இல் வந்த நிக்கான் டி500 பறவைக்காகவே செய்தது போன்ற கேமரா. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்குத் தாவுவதால் பழசு நல்ல விலைக்குக் கிடைக்கிறது. அதோடு நிக்கான் 200-500 லென்ஸைச் சேர்த்தால் பல வருடம் ஓட்டலாம்.

சோலைக்குள்ள எடுத்தா எல்லாமே கருப்பா, மங்கலா வருது. லென்ஸ் சரியில்லையா?

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். பெரும்பாலும் லென்ஸில் குற்றம் இல்லை, வெளிச்சம் இல்லை. காலை எட்டு மணிக்கு வெளியே வெயில் அடிக்கும்போதே சோலைக்குள் எஃப் 6.3 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் சின்னதானால் வெளிச்சம் கூடும்), ஐஎஸ்ஓ 3200 (எண் கூடினால் குறைந்த வெளிச்சத்திலும் படம் பிரகாசமாகும்) வைத்தால் ஷட்டர் 1/125 நொடி பக்கம்தான் நிற்கும். அதே லென்ஸில் மசினகுடி வெட்டவெளி வெயிலில் ஐஎஸ்ஓ 400க்கே 1/2000க்கு மேல் கிடைக்கும். இந்த வித்தியாசம் புரியாமல்தான் பலர் லென்ஸை விற்றுவிட்டு அடுத்ததை வாங்குகிறார்கள்.

என்ன செய்யலாம்? ஐஎஸ்ஓவைக் கண்டு பயப்படாதீர்கள். 800இல் நிறுத்தி இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சம் கூட்டினால் புள்ளி இன்னும் மோசமாகத் தெரியும். 3200, 6400 என்று தைரியமாக ஏற்றுங்கள். ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுத்தால் புள்ளியைக் குறைக்க இன்று நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. அசைந்து மங்கிய படத்தை எந்த மென்பொருளும் சரியாகத் தேற்றாது. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை அடக்கும், பறவையின் தலையாட்டலை அடக்காது. அதனால் தொடர்ச்சியாக எட்டுப் பத்து எடுத்தால் அது தலையை நிறுத்திய ஒரு கணம் அதில் மாட்டும்.

பறவையைத் தேர்ந்தெடுப்பதும் பாதி வேலை. ஈப்பிடிப்பான்கள் பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே குச்சிக்கோ பக்கத்துக் குச்சிக்கோ திரும்பும். காத்திருந்தால் 1/125இலும் கிடைக்கும். வெள்ளைக்கண்ணிக் கூட்டம் ஒரு நொடி நிற்காது. அதைச் சோலைக்குள் துரத்தாமல், தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் வெயில் படும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃப் 4, எஃப் 6.3, எஃப் 11... இதுல அவ்ளோ வித்தியாசமா இருக்கு?

எஃப் 4, 5.6, 8, 11 என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகிறது. எஃப் 4க்கும் எஃப் 11க்கும் எட்டு மடங்கு. 5.6க்கும் 6.3க்கும் மூன்றில் ஒரு படிதான். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முந்தைய பதிலில் 1/125 கிடைத்த இடத்தில் கேனன் 600 எம்எம் எஃப் 11 லென்ஸை வைத்தால் 1/40தான். எடை குறைவு, விலை குறைவு என்று ஆசைப்பட்டு வாங்கியவர்கள் சீகூர் பக்கம் சந்தோஷமாக இருக்கிறார்கள். தொட்டபெட்டா சரிவில் சோலை ஓரம் நின்றால் புலம்புகிறார்கள். 600 எம்எம் எஃப் 4 லென்ஸ் எல்லாக் கவலையையும் தீர்க்கும்தான், ஒரு கார் விலை.

அப்ப 1.4 டெலிகன்வர்ட்டர் போட்டு நீளத்தைக் கூட்டிக்கலாமே?

டெலிகன்வர்ட்டர் என்பது பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டுவது. 1.4 போட்டால் வெளிச்சம் பாதி, 2 போட்டால் கால்வாசி. எஃப் 6.3 லென்ஸ் எஃப் 9 ஆகிவிடும். பல டிஎஸ்எல்ஆர்களில் ஆட்டோஃபோகஸே வேலை செய்யாது. எஃப் 4 பிரைம் (ஸூம் ஆகாத) லென்ஸ் வைத்திருந்தால் யோசிக்கலாம். மற்றவர்கள் அந்தக் காசைப் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸூமா, பிரைமா?

முதல் லென்ஸ் ஸூமாக இருக்கட்டும். சோலையில் பறவை எதிர்பாராமல் கிட்டே வந்துவிடும். 600இல் நின்றபடி அதைத் தேடுவதற்குள் போய்விடும். இன்னொன்றையும் பாருங்கள்: லென்ஸ் எவ்வளவு கிட்டே ஃபோகஸ் செய்யும் என்பது. நிக்கான் 200-500க்கு 2.2 மீட்டர். பழைய கேனன் 400 எஃப் 5.6 பிரைம் அருமையான லென்ஸ், ஆனால் 3.5 மீட்டருக்கு உள்ளே வந்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதில் ஸ்டெபிலைசரும் இல்லை.

எவ்ளோ வெயிட் தூக்கலாம்? டிரைபாட் அவசியமா?

கடையில் இரண்டு நிமிடம் தூக்கிப் பார்ப்பதும் மேட்டில் மூன்று மணி நேரம் சுமப்பதும் வேறு. சிக்மா 150-600 கன்டெம்பரரி 1.93 கிலோ, சோனி 200-600 ஏறக்குறைய 2.1, நிக்கான் 200-500 2.3. பாடியைச் சேர்த்தால் மூன்று கிலோ. கேனன் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். நீளமான முனையில் எஃப் 8 என்பது குறை, ஆனால் எப்போதும் கழுத்தில் இருக்கும். கனம் தாங்காமல் விடுதி அறையில் தூங்கும் லென்ஸை விட அது மேல்.

சோலைப் பாதை குறுகல், வேரும் சேறும். டிரைபாட் விரிக்க இடம் இருக்காது. ஒற்றைக்கால் மோனோபாட் போதும். மழைக்காலத்தில் அதை ஊன்றி நிற்கும்போது காலில் அட்டை ஏறுகிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

மசினகுடி ரோட்ல கார்லருந்தே எடுக்கலாமா?

எடுக்கலாம், காரே நல்ல மறைவிடம். பழைய பேன்ட் காலை வெட்டித் தைத்து அதில் பயறோ அரிசியோ நிரப்பிய பையை ஜன்னலில் வைத்து லென்ஸைச் சாய்த்தால் டிரைபாட் தேவையில்லை. இன்ஜினை அணைத்துவிடுங்கள், அதன் அதிர்வு படத்தில் தெரியும்.

ஆனால் முதுமலைக் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் கூடாது. ஊர் எல்லைக்குள், நிறுத்த அனுமதி உள்ள இடத்தில் மட்டும். யானை எப்போது குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது. சமவெளியிலிருந்து வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள். 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மஞ்சு (மூடுபனி) மூடினா ஃபோகஸ் ஆகவே மாட்டேங்குது. நல்ல லென்ஸ் வாங்கினா சரியாகுமா?

ஆகாது. ஆட்டோஃபோகஸுக்கு வெளிச்சமும் நிழலும் மோதும் விளிம்பு வேண்டும். மஞ்சு அதைத்தான் அழிக்கிறது. தூரம் கூடக் கூட நடுவில் இருக்கும் மஞ்சும் கூடுகிறது. இந்த நேரத்தில் தூரத்துப் பறவையை விட்டுவிட்டு, பத்து மீட்டருக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் லென்ஸில் இருந்தால் அதைக் கிட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். முன்னும் பின்னும் தேடி அலைவது குறையும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) அரைப் படியிலிருந்து ஒரு படி வரை கூட்டுங்கள், இல்லையென்றால் மஞ்சு அழுக்குச் சாம்பலாக விழும்.

ஊட்டி ஈரத்துல லென்ஸ்ல பூஞ்சை வந்துடும்னு பயமுறுத்துறாங்க...

பயப்பட வேண்டிய விஷயம்தான். ஜூனிலிருந்து டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் இந்த மலையை நனைக்கின்றன. பூஞ்சை வந்த லென்ஸை டார்ச் அடித்துப் பார்த்தால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் போலக் கிளை பரப்பியிருக்கும். ஆரம்பத்தில் துடைத்து எடுக்கலாம். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.

மோசமான இடம் துணி அடுக்கிய பீரோ. அடுத்தது லென்ஸோடு வந்த தோல் உறை. மின்சார டிரை கேபினெட் வாங்க முடிந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். முடியாதென்றால், ரப்பர் விளிம்போடு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். நீல ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். மிதமான சூட்டில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும். சமையல் பாத்திரத்தில் மட்டும் வறுக்க வேண்டாம், அந்த நிறத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் நல்லதல்ல. எல்லாவற்றையும் விட நல்ல மருந்து, வாரம் ஒரு முறையாவது கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

இன்னொரு ஆபத்து மலை இறங்கும்போது. ஊட்டிக் குளிரில் சில்லிட்ட கேமராவை மேட்டுப்பாளையம் புழுக்கத்தில் திறந்தால் கண்ணாடி முழுக்க வேர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது என்ன பாக்கணும்?

முதல் வேலை, மேலே சொன்ன டார்ச் சோதனை. மலையில் இருந்த லென்ஸ் என்றால் இரண்டு முறை, இரு பக்கத்திலிருந்தும். தூசி கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, நூல் தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் ஸூம் வளையம் எங்காவது சிக்குகிறதா, ஃபோகஸ் மோட்டார் கரகரக்கிறதா, ஸ்டெபிலைசர் போட்டால் காட்சி நிலைக்கிறதா என்று பாருங்கள். பாடியில் ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை எத்தனை முறை படம் எடுத்தது) கேளுங்கள். டி500க்கு 2 லட்சம், டி7200க்கு 1.5 லட்சம் வரை சோதித்ததாக நிறுவனக் கணக்கு. வாங்கும் முன் கோவையிலோ பெங்களூரிலோ அதே லென்ஸை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

ஃபிளாஷ் போட்டா சோலை இருட்டு பிரச்சனை தீர்ந்துடுமே? போன்ல குரல் போட்டாலும் பறவை வெளிய வருமாமே?

இரண்டும் வேண்டாம். குரல் போட்டால் வரும்தான். தன் இடத்தை வேறொரு ஆண் பிடிக்க வந்துவிட்டது என்று பதறித் தேடி வரும். நீலகிரி சிரிப்பானும் நீலகிரி நீல ராபினும் அழியும் ஆபத்தில் உள்ளவை. வாழுமிடம் இந்த மலையும் இதை ஒட்டிய உயர்ந்த பகுதிகளும்தான். வாரம் பத்துப் பேர் வந்து அதே புதரில் குரல் போட்டால் அது எப்போது இரை தேடும்?

என்கிட்ட 300தான் இருக்கு. கூட்டுல குஞ்சு இருக்கு, கொஞ்சம் கிட்ட போய் எடுத்துக்கலாமா?

கிட்டே போனால் நீளம் மிச்சம் என்று நான்தான் மேலே கணக்குப் போட்டேன், அதைக் கூட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். நீங்கள் நிற்கும் வரை தாய் வராது. நீங்கள் விலக்கிவிட்ட கிளை வழியே காகம் பார்க்கும். சீகூர் ஓடைக்கரை நீர்மத்தி மரங்களில் கூடு வைக்கும் பாறு கழுகுகள் விஷயத்தில் 800 எம்எம் இருந்தாலும் இதே பதில்தான். அந்தப் படம் இல்லாமல் வீட்டுக்குப் போங்கள்.

600 எம்எம் வாங்கி ஆறு மாசம் ஆச்சு. பக்கத்துப் பறவை நல்லா வருது, தூரத்துல இருக்கற கழுகு மட்டும் கூர்மையாவே வரல. லென்ஸை மாத்தணுமா?

எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். பத்து மணிக்கு மேல் சீகூர் தரை சூடாகிக் காற்று நெளிய ஆரம்பிக்கும். ஆயிரம் அடி தள்ளிக் குன்றில் இருக்கும் கழுகைப் பார்க்க அந்த நெளியும் காற்று முழுவதையும் ஊடுருவ வேண்டும். எத்தனை விலை கொடுத்த லென்ஸும் அங்கே தோற்கும். இதமான சூட்டில் மேலெழும் காற்றுக்காகத்தான் கழுகுகளும் காத்திருக்கின்றன என்பது இதிலுள்ள சங்கடம். அவை கிளம்பும் முதல் ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால், மேகமூட்டமான காலையில் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, 15 மீட்டர் தள்ளி டிரைபாடில் கேமராவை வைத்து, ஸ்டெபிலைசரை அணைத்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். எழுத்து வரை தெளிவாக வந்தால் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. தாளுக்கு முன்னாலோ பின்னாலோ இருப்பது தெளிவாக வந்து தாள் மங்கினால், டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் ஃபைன் டியூன் என்ற மெனுவில் சரிசெய்யலாம். ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மங்கல் என்றால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. அது சர்வீஸ் சென்டர் வேலை.